வெள்ளிக்கிழமைக் கடதாசிகள்

மொழிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று பொறுப்பாசிரியர் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது வகுப்பறைக்கு அல்ல, ஓர் இரும்பு அலுமாரிக்கு முன்னால். அதைத் திறந்து வரவு இடாப்பு, பாடக்குறிப்புக் கொப்பி, பாடப் பதிவு, மாத அறிக்கைப் படிவங்கள், லீவுப் பதிவு, தளபாடப் பதிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து என் கைகளில் அடுக்கினார். அடுக்கு என் நாடியைத் தொட்டபோது நிறுத்தினார்.

“பிள்ளை, படிப்பிக்கிறது பிறகு. இதுகளை ஒழுங்கா வைச்சிருந்தாத்தான் வகுப்பு நிக்கும்.”

நான் தலையாட்ட முயன்றேன். ஆனால் நாடியில் தளபாடப் பதிவு முட்டிக்கொண்டிருந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். ஆசிரியர் கலாசாலைப் படிப்பை முடித்து ஒரு கிராமப் பாடசாலையில் சில காலம் வேலை செய்துவிட்டு, சொந்த ஊரான திருகோணமலைக்கே மாற்றம் கிடைத்த சந்தோசத்தில் இருந்தேன். உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் பள்ளிக்கூடம். அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு மாலையில் மொழி படிப்பிக்கிற இடம். தமிழ் உத்தியோகத்தர்களுக்குச் சிங்கள வகுப்பு. எங்கள் பகுதிக்கு வேலையாக வந்த சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் வகுப்பு. முதலாவது கட்டாயம். சோதனையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்ச்சி நின்றுவிடும். இரண்டாவதற்கு விரும்பினால் வரலாம். ஆகவே சிங்கள வகுப்பில் வாங்குகள் போதாமல் ஆட்கள் யன்னற்கட்டில் சாய்ந்து நின்றார்கள். என்னுடைய தமிழ் வகுப்பில் ஆளுக்கொரு வாங்கு இருந்தது.

யன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று உள்ளே வந்து கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்காக மேசைகளில் இரும்பு நட்டுகளை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் தங்கள் கப்பல் திருத்தும் தளமான டொக்யாட்டை விட்டுப் போனபோது அங்கிருந்து ஊர் முழுக்கப் பரவியவை. எங்கள் ஊரில் அந்த நட்டுகள் இல்லாத வீடே அப்போது இல்லை. கதவு அடிபடாமல் வைக்க, தேங்காய்ச் சாக்கு விழாமல் முட்டுக்கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒவ்வொன்றும் பிடி கனம். வரவு இடாப்பின்மேல் ஒன்றை வைத்தால் எந்த வாடைக்காற்றுக்கும் அசையாது.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், துறைமுகக் கந்தோரில் கிளார்க். கட்டாயமென்றால் சிங்களச் சோதனைக்குப் போவதில்லை என்று நின்றவர். அதனால் சம்பளம் பல வருடமாக ஒரே இடத்தில் நின்றது. எனக்கு நியமனக் கடிதம் வந்த அன்று அவர் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

“அங்கை போய் என்னத்தைப் படிப்பிக்கப் போறாய்?”

“தமிழ்தான் அத்தான்.”

“ஆருக்கு?”

“சிங்கள ஆக்களுக்கு.”

கடிதத்தை மறுபடி மடித்தார். “அப்ப சரி, போ” என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார். ஆனால் மழை நாட்களில் என்னைக் கூட்டிவர வந்தாலும், குடையைப் பிடித்துக்கொண்டு றோட்டின் மறுபக்கத்தில்தான் நிற்பார். அந்தப் படியில் அவர் கால் வைத்ததே இல்லை.

சிங்களம் படிப்பித்தவர் மாத்தறைப் பக்கத்து மனிதர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஒல்லி. வெள்ளைச் சேட்டின் கைகளை முழங்கைவரை மடித்து விட்டிருப்பார். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். தன்னைவிட வயதில் மூத்த, தலை நரைத்த கிளார்க்குமாருக்கு அவர் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்து சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டே ஆங்கிலமும் சிங்களமும் கலந்து சொன்னார்: எல்லாரும் என்னை ‘சேர்’ என்று கூப்பிடுகிறார்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அத்தான் றோட்டின் மறுபக்கத்தில் நிற்பதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இருவரையும் கூட்டாளிகளாக்கியது கடதாசிதான். கொழும்புத் திணைக்களத்துக்குப் போகிற மாத அறிக்கை சிங்களத்தில் இருக்க வேண்டும். என் சிங்களமோ சந்தைச் சிங்களம். எழுதத் தெரியாது. மாஸ்டருக்கு வேறு தலையிடி. அவருடைய மாணவர்கள் வகுப்புக்கு வராவிட்டால் லீவுக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்புவார்கள். காரணம் தெரியாமல் இடாப்பில் காரணத்தைப் பதிய முடியாது. அவருடைய மேசை லாச்சி நிறைய வாசிக்கப்படாத கடிதங்கள் சேர்ந்திருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் அந்தக் கடிதங்களை அள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் என் வெறும் அறிக்கைப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பு முடிய நீள மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவர் வேலையை மற்றவர் செய்வது வழக்கமாகிவிட்டது. கீழே தேத்தண்ணிக் கடையிலிருந்து பிளேன்ரீ வரும். சீனி தட்டுப்பாடான காலம். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்போம். கடதாசிக்கும் தட்டுப்பாடு. பழுப்புத் தாளில் மை ஊறிப் பரவும். கார்பன் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வலை மாதிரித் தெரியும்வரை பாவிப்போம்.

பொறுப்பாசிரியர் மூலையில் இருந்து கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். அழிறப்பரை அவர் பள்ளிக்கூடத்துக்குள் விடுவதில்லை. பிழை வந்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சின்னக் கையொப்பம் வைக்க வேண்டும். “பிழை விடலாம். பிழையை ஒளிக்கேலாது” என்பார். கடுமையான மனிதர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

படிவங்களால் ஒரு மொழியைப் படித்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இருவரும் கண்டோம். மாஸ்டர் லீவுக் கடிதங்களை நான் வாசிக்கக் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகினார். ஒருநாள் மிகுந்த மரியாதையோடு என் முன்னால் வந்து நின்றார்.

“மதிப்பிற்குரிய ரீச்சர், தங்கள் குடை கீழே விழுந்துள்ளது என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன்.”

நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த முத்திரை தவறான பக்கத்தில் குத்துப்பட்டுவிட்டது. அதையும் ஒற்றைக் கோட்டால் வெட்ட வேண்டி வந்தது. என் சிங்களமும் அப்படித்தான். கரைவலைக் காலத்தில் நீர்கொழும்பிலிருந்து வரும் ஒரு மீன்காரரிடம், அந்தப் பாரை மீனைத் தருவதற்குத் தயவுடன் அங்கீகாரம் வழங்குமாறு கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, “அங்கீகரித்தேன்” என்று பெரிய மீனாகப் பார்த்துத் தூக்கி வெட்டினார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டாலே அங்கீகாரம், அங்கீகாரம் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

என் வகுப்பில் விடாமல் வந்தவர்களில் ஒருத்தி குருநாகல் பக்கத்துத் தாதி. சின்ன வயது. கடமை முடிந்து வெள்ளை உடுப்போடு நேரே வந்துவிடுவாள். ஏன் தமிழ் படிக்கிறாள் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். கேட்டபோது சொன்னாள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாய் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். அந்தத் தாய் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னாளாம். இவள் பிள்ளையின் தொண்டையைப் பார்த்தாள், வயிற்றை அமத்திப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள். நெடுநேரம் கழித்து ஒரு சிற்றூழியர் வந்து சொன்ன பிறகுதான் பிள்ளையின் காதுக்குள் புளியங்கொட்டை போயிருப்பது தெரிந்தது.

“அந்தச் சொல் இப்ப தெரியும் ரீச்சர். புளியங்கொட்டை. மற்றச் சொல் எல்லாம் வேணும்” என்றாள்.

அடுத்த வருடம் அவளை மூதூருக்கு மாற்றினார்கள். கொட்டியாரக் குடாவின் மறுகரை. இயந்திரப் படகான லோஞ்சில் வந்து போக வேண்டும். ஆனாலும் முடிந்த நாட்களில் வந்தாள். என் வகுப்பில் இருந்த, வயற்காரியம் பார்க்கிற ஓர் உத்தியோகத்தரும், ஓர் இளம் பொலிஸ் கொஸ்தாப்பலும் அதே போல் அங்கே மாற்றப்பட்டார்கள். பிறகு வாடைக்காற்று தொடங்கியது. லோஞ்சு ஓடாத நாட்கள் கூடின. இடாப்பில் என் பக்கங்கள் வட்டங்களால் நிறைந்தன. வந்தவருக்குக் கோடு, வராதவருக்கு வட்டம் போடுவது எங்கள் வழக்கம்.

அந்த நேரத்தில்தான் திணைக்களத்திலிருந்து சுற்றுநிருபம் வந்தது. வருகை குறைந்த வகுப்புகள் வருட முடிவில் மூடப்படும். வாசித்துவிட்டு நான் இடாப்பை எடுத்து மேசையில் விரித்தேன். மாஸ்டர் இடாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் எதை நினைக்கிறார் என்பது எனக்கும் பொறுப்பாசிரியருக்கும் தெரிந்தது. ஒரு வட்டத்தைக் கோடாக மாற்றுவது பெரிய காரியம் இல்லை.

“இடாப்பில பொய்யா ஒரு கோடும் விழக்கூடாது” என்றார் பொறுப்பாசிரியர். பிறகு எழும்பி அலுமாரியிலிருந்து தடித்த விதிக்கோவை ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். “ஆனா விண்ணப்பம் எழுத ஆரும் தடை சொல்லேலாது.”

அந்தக் கோவையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். அடுத்த நாள் மலர்ந்த முகத்தோடு வந்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சேவையின் தேவை கருதி, மாணவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே கிளை வகுப்பு நடத்தலாம் என்று ஒரு விதி இருந்ததாம். ஒருவரும் அதைப் பாவித்ததில்லை. அந்த மனிதருக்குக் கடதாசியில் இருந்தது பயம் இல்லை, பிரியம் என்று அன்றுதான் விளங்கியது.

மூதூர் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைக் கிளை வகுப்பு நடத்த அனுமதி கேட்டு எழுதினோம். நான் தமிழில் சொல்ல, மாஸ்டர் சிங்களத்தில் எழுதினார். பல வாரம் பதில் இல்லை. பிறகு பதிலுக்குப் பதிலாகக் கேள்விகள் வந்தன. மாணவர்கள் ஏன் நகரத்துக்கு வர முடியாது என்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் “இடையில் கடல் இருக்கிறது” என்று எழுதினேன். மாஸ்டர் அதை அப்படியே சிங்களத்தில் போட்டார்.

பொறுப்பாசிரியர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “இப்பிடி எழுதேலாது பிள்ளை.”

“வேற என்ன சேர் எழுதுறது?”

தாளைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். வெளியே துறைமுகம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. “சரி. உண்மைதானே” என்று கையொப்பம் வைத்தார்.

வகுப்பறையின் கதவுகள் எத்தனை, யன்னல்கள் எத்தனை என்றும் கேட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைக்கப்போவது வெளிநோயாளர் விறாந்தை. கதவும் இல்லை, யன்னலும் இல்லை. அப்படி எழுதினால் கிடங்கு என்று நினைப்பார்கள் என்றார் பொறுப்பாசிரியர். மாஸ்டர் பேனையை வாயில் வைத்து யோசித்துவிட்டு, மூன்று பக்கமும் நல்ல காற்றோட்டம் என்று எழுதினார்.

கடைசியில் தற்காலிக அனுமதி வந்தது. ஓர் அதிகாரி வந்து பார்வையிட்ட பிறகே அதை வருடாவருடம் புதுப்பிக்கலாம்.

சனிக்கிழமை காலையில் ஜெட்டியில் லோஞ்சு ஏறுவேன். இடாப்பும் பாடப் பதிவும் நனையாமல் இருக்க அக்கா ஒரு பிஸ்கட் தகரம் தந்திருந்தாள். அதை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். என்னோடு மூதூர்ச் சந்தைக்குப் போகிற வியாபாரிகள், கோழிக் கூடுகள், மண்ணெண்ணெய்த் தகரங்கள், டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துத் திரும்புகிறவர்கள். குடாவின் நடுவில் கரை இரண்டும் தூரமாகிவிடும். மலைகள் மட்டும் தெரியும். இயந்திரச் சத்தத்தில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கிழமைக்குள் எனக்கென்று கிடைத்த நேரம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

விறாந்தையில் பழைய கதவொன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதுதான் கரும்பலகை. தாதி, கொஸ்தாப்பல், வயற்காரிய உத்தியோகத்தர், பிறகு சேர்ந்த ஒரு மருந்து கலப்பவர். எதிர் வாங்குகளில் நோயாளிகள் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். வேறு போக்கில்லாமல் அவர்களும் பாடம் கேட்டார்கள்.

முதல் நாள் புத்தகத்தைப் பார்த்து, “உங்களுக்கு எவ்விடத்தில் வலி உள்ளது?” என்று சொல்லிக்கொடுத்தேன். தாதி திருப்பிச் சொன்னாள். எதிர் வாங்கில், கால் புண்ணுக்கு மருந்து கட்ட வந்திருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

“என்னவாம் இந்த மிஸ்ஸி கேக்குறா? கோட்டுல நீதவான் கேக்குற மாதிரி இரிக்கி.”

விறாந்தை முழுக்கச் சிரித்தது. தாதி சிவந்துபோனாள். அந்தப் பெண்மணிக்குப் பாவமாகப் போயிருக்க வேண்டும். “கோவிக்காத மகள். ‘என்ன செய்யிது உம்மா’ண்டு கேளு. நாங்க எல்லாத்தயும் செல்லிருவம்” என்றாள்.

அன்றைக்கு அதையே பாடமாக வைத்தோம். என்ன செய்யிது. எப்ப இருந்து. சாப்பிட்டீங்களா. நோகுதா, உளையுதா, எரியுதா. உளைவுக்கும் நோவுக்கும் என்ன வித்தியாசம் என்று நோயாளிகள் தங்களுக்குள் தர்க்கப்பட்டுத் தாதிக்கு விளக்கினார்கள். பாடத்திட்டப்படி அன்று படிப்பிக்க வேண்டியது தபாற்காரனைப் பற்றிய பந்தி. பாடப் பதிவில் “உரையாடற் பயிற்சி” என்று எழுதி, தபாற்காரன் அடுத்த கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டான் என்றும் குறித்தேன். அவன் பல கிழமை அப்படி ஒத்திவைக்கப்பட்டான்.

அதிகாரி வருகிறார் என்ற தந்தி வந்தபோது வாடை முழுதாக விட்டிருக்கவில்லை. மாஸ்டர் தானும் வருவதாகச் சொன்னார். கொழும்பிலிருந்து வருகிறவரோடு சிங்களத்தில் கதைக்க ஆள் வேண்டும் அல்லவா. அதிகாரி கழுத்துப்பட்டி கட்டி, தோற்பை ஒன்றோடு ஜெட்டியில் நின்றார். நேரத்தை வீணாக்காத மனிதர். லோஞ்சு புறப்பட்டதுமே இடாப்பைத் தரும்படி கேட்டார். பொறுங்கள், குடா தாண்டட்டும் என்று மாஸ்டர் சொன்னதை அவர் கேட்கவில்லை. நான் தகரத்தைத் திறந்து கொடுத்தேன்.

இரண்டு பக்கம் பார்த்திருப்பார். லோஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு இன்னொரு முறை. அவர் முகம் முதலில் மஞ்சளாகி, பிறகு நிறமே இல்லாமல் போனது. நான் பாய்ந்து இடாப்பைப் பிடுங்கவும் ஓர் அலை பக்கவாட்டில் வந்து எல்லாரையும் நனைக்கவும் சரியாக இருந்தது. மீதி வழி முழுக்க மாஸ்டர் அவருடைய தோள்களைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் இருந்தார். கோழிக்காரர் ஒருவர் தன்னிடமிருந்த ஒரு தேசிக்காயின் தோலைக் கிள்ளி அவர் மூக்கடியில் பிடித்தார்.

மூதூர் ஜெட்டியில் அவரால் நடக்க முடியவில்லை. எங்கள் கொஸ்தாப்பல் ஒரு கைவண்டியைக் கொண்டுவந்தான். பார்வையிட வந்த அதிகாரியை நாங்கள் கைவண்டியில் வைத்து வகுப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

விறாந்தை வாங்கில் படுக்க வைத்தோம். தாதி ஓடி வந்தாள். “தலகாணி ஒண்டு கொண்டாங்க. வாளியும் கொண்டாங்க. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்” என்று தமிழில் உத்தரவு போட்டாள். கால்புண் பெண்மணியும் அன்று வந்திருந்தாள்.

“வெறும் வகுத்தோட வந்திரிப்பாரு. இஞ்சித் தேத்தண்ணி குடு மிஸ்ஸி.”

“சீனி இல்லையே உம்மா.”

“என்னட்டச் சக்கர இரிக்கி” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள் அவள்.

அதிகாரி மத்தியானம்வரை எழும்பவில்லை. அன்று வகுப்பு நடக்கவும் இல்லை. நோயாளிகள் கூட்டம் அதிகம். தாதி ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன கேட்டாள், அந்தக் கிழவர் என்ன சொன்னார் என்று மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டார். மாஸ்டர் குனிந்து, மூதூர்த் தமிழைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். லீவுக் கடிதங்களில் தொடங்கிய அவருடைய தமிழ் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று நான் அன்றுதான் கவனித்தேன். ஓர் இடத்தில் ஏதோ சொல்லப்போய் அவரே சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பின்னேரம் எழுந்து உட்கார்ந்து, தோற்பையிலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்தார். அவதானித்த பாடம் என்று ஓர் இடம் இருந்தது. பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“நான் பாடம் பார்க்கவில்லையே. இதில் எதை எழுதுவது?”

அவருடைய சிங்களம் எனக்கு விளங்கியது. இத்தனை மாத விண்ணப்பங்கள், நகல்கள், கதவு யன்னல் கணக்குகள் எல்லாம் அந்த ஒரு வெற்றிடத்தில் வந்து நின்றன. மாஸ்டர்தான், கேட்டதை எழுதுங்கள் என்று பணிவாகச் சொன்னார்.

அதிகாரி எழுதினார். வாசிக்கும்படி படிவத்தை எங்களிடம் நீட்டினார். ‘மாணவி கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் நோயாளிகள் பதில் சொன்னார்கள். தொடரலாம்.’ அவ்வளவுதான்.

திரும்பிப் போக லோஞ்சில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டார். ஒரு ஜீப்பை ஒழுங்குசெய்து, ஆறுகள் குறுக்கிடும் இடமெல்லாம் ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற தெப்பங்களில் ஜீப்பை ஏற்றி இறக்கி, கிண்ணியா சுற்றி, அடுத்த நாள்தான் டவுனுக்கு வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம்.

உப்புத்தண்ணீர் பட்டு வீங்கிப்போன இடாப்பை நான் பயந்துகொண்டே பொறுப்பாசிரியரிடம் காட்டினேன். அவர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் காய வைத்தார். ‘கடல்நீர் பட்டது’ என்று ஓரத்தில் எழுதி, சின்னக் கையொப்பம் வைத்தார்.

கிளை வகுப்பு சில வருடங்கள் நடந்தது. தாதி எழுத்துச் சோதனையில் சுமாராகவும் வாய்மொழிச் சோதனையில் மிக நன்றாகவும் சித்தியடைந்தாள். வாய்மொழிச் சோதனை வைத்தவர், இந்தப் பிள்ளை மூதூரில் பிறந்ததா என்று கேட்டாராம். சொந்த ஊருக்கு மாற்றம் வந்தபோது அவள் மேலும் ஒரு வருடம் கேட்டு வாங்கி அங்கேயே இருந்தாள். அந்த விண்ணப்பத்தைத் தமிழில் அவளே எழுதினாள். நான் திருத்தினேன். திருத்த அதிகம் இருக்கவில்லை.

மாஸ்டருக்கு மாற்றம் எழுபதுகளின் கடைசியில் வந்தது. தாயார் தனியே இருக்கிறார் என்று அவரே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றம். கிடைத்தபோது கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சந்தோசமில்லாமல் நின்றார். கடைசி வெள்ளிக்கிழமை என் மாத அறிக்கையை நானே சிங்களத்தில் எழுதி அவரிடம் கொடுத்தேன். முழுதும் வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“பிழை ஒண்டும் இல்லை ரீச்சர்” என்றார். அவர் முகத்தைப் பார்க்க, வேண்டுமென்றே ஒரு பிழை விட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

அடுத்த நாள் விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் அத்தான் நின்றார். நான் அவசரமாக வாசலுக்குப் போனேன். அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு, அவரை இருத்தி, நல்ல சரளமான சிங்களத்தில் சுகம் விசாரிக்கத் தொடங்கினார். அக்கா குசினி வாசலில் பீங்கானோடு அப்படியே நின்றுவிட்டாள். டொக்யாட்டில் வேலை செய்த நாட்களில் தெற்கத்தித் தொழிலாளர்களோடு பழகிப் பிடித்துக்கொண்ட பாசையாம். மீன், மழை, மாத்தறைத் தயிர் என்று இருவரும் கதைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார், இவ்வளவு தெரிந்த நீங்கள் சோதனைக்கு ஒருதரம் இருந்திருந்தாலே சித்தியடைந்திருப்பீர்களே என்று.

“தெரியும் தம்பி. அதுதான் போகேல்லை” என்று தமிழில் சொன்னார் அத்தான்.

மாஸ்டர் கதிரையை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு, “விளங்குது அண்ணை” என்றார். இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்கள். அத்தான் ஸ்டேசன்வரை அவருடைய பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

சில வருடம் மாஸ்டரிடமிருந்து சித்திரைக்கும் தைக்கும் தமிழில் கடிதம் வந்தது. நான் சிங்களத்தில் பதில் போடுவேன். பொறுப்பாசிரியர் வயது வந்து வேலையிலிருந்து இளைப்பாறினார். அவர் இல்லாமல் மூதூர் வகுப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க நான் எழுதியவற்றுக்குப் பதில் வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். தளபாடங்களை ஒப்படைக்கிற வேலை எனக்கு வந்தது.

ஒரு லொறி வந்தது. வாங்குகளும் அலுமாரியும் கீழே இறங்கின. கழிக்கச் சொன்ன பழைய படிவங்களைக் கட்டாகக் கட்டி றோட்டோரத்தில் வைத்திருந்தேன். கோட்டைப் பக்கத்து மான்கள் அந்த நாட்களில் டவுனுக்குள் தாராளமாகத் திரியும். நான் கையொப்பம் வைத்துவிட்டுக் கீழே வந்தபோது ஒரு மான் மாத அறிக்கைக் கட்டொன்றைக் காலால் தட்டிப் பிரித்து, பழுப்புத் தாளை ஓரத்திலிருந்து அவசரமில்லாமல் ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. விரட்டக் கை ஓங்கினேன்.

“விடுங்கோ ரீச்சர், பசிக்குதாக்கும்” என்றார் லொறிக்காரர்.

கையை இறக்கிவிட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்தார். நான் படியில் உட்கார்ந்தேன். லொறிக்குக் கயிறு கட்டி முடியும்வரை இருவரும் மான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.